வாடகை வாங்கும் பேய்

வீட்டிலே பேய் இருக்கிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால் போதும். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையானாலும் சரி, நாமக்கல் கோட்டைத் தெருவானாலும் சரி, அந்த வீட்டின் வாடகை பாதியாகக் குறையும். வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். விற்க வந்தவர் விதியை நொந்துகொண்டு கொடுப்பார். நம் ஊரிலே பேய் என்றால் நட்டம். வடக்கே, இமயத்தின் மடியிலே, மசூரி என்னும் மலையூரிலே பேய் என்றால் புகழ்! அங்கே சவாய் என்றோர் ஓட்டல். நூற்றிருபது ஆண்டு கடந்த மாளிகை. அதன் கூடங்களிலே வெள்ளைக்கார மாது ஒருத்தியின் ஆவி உலவுகிறது என்று நூல்கள் எழுதுகின்றன, வழிகாட்டிகள் ஓதுகிறார்கள், கேட்டவர்கள் காண வருகிறார்கள். இங்கே பேய் குடியிருப்பவரை விரட்டுகிறது. அங்கே பேய் விருந்தாளியை வரவழைக்கிறது. இடம் மாறியதும் குணம் மாறும் இந்தப் பேயைப் பார்த்து வரவேண்டும் என்று நெடுநாள் ஆவல் நமக்கு. சென்ற அக்டோபர்த் திங்களில் அந்த ஆவல் நிறைவேறியது.

நாம் மூவர் போனோம். அம்மாப்பேட்டையில் தறி நெய்யும் தோழர் ஒருவர்; நாமக்கல்லை அடுத்த சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர்; இதை எழுதுபவர் மூன்றாமவர். சேலம் சந்திப்பில் தொடர்வண்டி ஏறி, டில்லியில் இறங்கி, டேராடூனுக்கு மாறி, அங்கிருந்து வாடகைக் காரில் மலையேறினோம். ஆசிரியரின் தந்தையார் இந்தி எதிர்ப்புப் போரில் சிறை கண்டவர். ஆகவே ஓட்டுநரோடு பேச அவரிடம் இந்தி இல்லை. அரைகுறை ஆங்கிலமும் முழுமையான கையசைவும் இருந்தன. அவை போதுமானவையாகவே இருந்தன.

“சவாயா? இரவிலே வெள்ளைக்கார அம்மா வருவாள்” என்றார் ஓட்டுநர்.

“நீங்கள் பார்த்ததுண்டா, ஐயா?”

“நான் பார்க்கவில்லை. என் மாமன் பார்த்தார்.”

“மாமன் எங்கே இருக்கிறார்?”

“காலமாகிவிட்டார்.”

தறித் தோழர் நம்மைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். நம் ஊரிலும் பேயைக் கண்டவர் எப்போதும் வேறொருவர். அந்த வேறொருவர் எப்போதும் மறைந்துபோனவர். மொழி வேறு, மலை வேறு, உண்ணும் உணவும் வேறு; சாட்சி மட்டும் ஒரே சாட்சி!

சவாய் ஓட்டலின் கதையை முதலில் சொல்லிவிடுவோம். இலக்னோவில் வழக்கறிஞராயிருந்த செசில் லிங்கன் என்பவர், பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருந்த நிலத்தை வாங்கி இதைக் கட்டினார். 1900-ல்தான் தொடர்வண்டி டேராடூனை எட்டியது. 1902-ல் ஓட்டல் திறக்கப்பட்டது. டேராடூனிலிருந்து மேலே அக்காலத்தில் மோட்டார்ச் சாலை கிடையாது. நாற்காலி, மேசை மட்டுமா? பியானோப் பெட்டிகளும், பில்லியர்ட்சு மேசைகளும், மதுப் பீப்பாய்களும் மாட்டுவண்டியிலே மலையேறின. மாடு ஏறமுடியாத இடத்தில் மனிதன் ஏறினான். வெள்ளைச் சீமாட்டிகளைத் தோளிலே தூக்கிச் சென்றவனும் அவனே. கோடைக்கு வெள்ளையர் வந்தனர், கொண்டாடினர், காதலித்தனர். விடியுமுன் ஒரு மணி அடிக்குமாம் அந்த ஓட்டலிலே. பக்திமான்கள் எழுந்து தொழுவதற்கும், மற்றவர்கள் அவரவர் அறைக்குத் திரும்புவதற்கும் அந்த மணி என்று அமெரிக்கப் பயண எழுத்தாளர் லோவெல் தாமஸ் வேடிக்கையாக எழுதிவைத்தார். ஒரே மணி, இரண்டு தொண்டு!

இனிப் பேய்க்கு வருவோம். 1911-ஆம் ஆண்டு. பிரான்செசு கார்னெட்-ஓர்ம் என்ற ஆங்கில மாது, வயது 49, சவாயில் வந்து தங்கினார். மணம் பேசப்பெற்ற படை அதிகாரி திருமணத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்றும், இறந்தவரோடு பேசலாம் என்ற ஆசையே அம்மாதை ஆவியுலகக்காரர்களிடம் கொண்டு சேர்த்தது என்றும் சொல்வார்கள். உடன் வந்த தோழி ஈவா மவுண்ட்சுடீபன் அந்தக் கலையில் தேர்ந்தவர். படிகப் பந்தை உற்றுநோக்கி வருவதுரைப்பவர். தோழி இலக்னோவுக்குத் திரும்பிய சில நாளில், தாழிட்ட அறைக்குள்ளே ஓர்ம் அம்மையார் பிணமாகக் கிடந்தார். அறுத்துப் பார்த்த மருத்துவர் உடலில் புருசிக் அமிலம் என்னும் சயனைடு நஞ்சு இருக்கக் கண்டார். வயிற்றுக் கோளாறுக்காக அவர் உட்கொள்ளும் சோடா உப்பில் தோழியே நஞ்சைக் கலந்துவைத்துவிட்டுப் போனார் என்று அரசுத் தரப்புக் கூறியது. அலகாபாத்தில் வழக்கு நடந்தது. மெய்ப்பிக்கப் போதிய சான்று இல்லை, ஈவா விடுதலையானார். கொலையா தற்கொலையா என்ற கேள்வி அப்படியே நின்றது. நின்ற கேள்வியின்மேல் பேய் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கிலாந்தில் அகதா கிறித்தி என்ற பெண் எழுத்தாளரின் முதல் துப்பறியும் நாவல் 1920-ல் வெளிவந்தது. ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ என்பது அதன் பெயர். சவாய்க் கொலையே அந்த நாவலுக்குக் கரு என்று மசூரியிலே அடித்துச் சொல்கிறார்கள். கிப்ளிங் செய்தியைக் கேட்டு கானன் டாயிலுக்கு எழுதினாராம். அவர் வாயிலாக அது அகதா அம்மையாரை எட்டியதாம். இருக்கலாம். ஆனால் நாவலில் வரும் நஞ்சு சயனைடு அன்று. எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் சுடிரிக்னைன். மருந்துக் குப்பியில் புரோமைடு உப்பைச் சேர்த்தால் சுடிரிக்னைன் அடியிலே படியும், கடைசி வேளை மருந்தில் மொத்த நஞ்சும் திரண்டு வரும் என்பது அதன் சூட்சுமம். அகதா கிறித்தி முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் பணியாற்றியவர். மருந்து கலக்கும் படிப்பிலேயே அவருக்கு இது கிடைத்திருக்கும். மசூரியிலிருந்து ஆவி புறப்பட்டுப் போய்ச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. இன்னொரு வேடிக்கை: எதையும் ஐயுற்று ஆராயும் செர்லாக் ஓம்சைப் படைத்த கானன் டாயில், ஆவிகளை மனமார நம்பியவர், சிறுமியர் இருவர் அட்டையை வெட்டி நிறுத்தி எடுத்த தேவதைப் படங்களைக்கூட உண்மை என்று உலகுக்குச் சொன்னவர். அறிவு ஒரு அறையில் விளக்கேற்றி, அடுத்த அறையை இருட்டாக வைத்திருக்கக்கூடும் என்பதற்கு அவரைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆவியோடு பேசும் அந்தக் கலை பிறந்த கதையும் சுவையானது. 1848-ல் அமெரிக்காவில் ஐட்சுவில் என்ற சிற்றூரில் பாக்சு சகோதரிகள் என்ற சிறுமியர், சுவரைத் தட்டி ஆவி விடை சொல்வதாகக் காட்டினர். கண்டம் விட்டுக் கண்டம் பரவியது கூட்டம். நாற்பது ஆண்டு கழித்து, 1888-ல், நியூயார்க்கில் மேடையேறிய மார்கரெட் பாக்சு, கால் விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பிய ஓசையே அது என்று ஊரறியச் செய்து காட்டினார். காட்டிய பிறகும் கூட்டம் கலையவில்லை. அவர் ஒப்புக்கொண்ட 23 ஆண்டுக்குப் பிறகுதான் சவாயில் ஓர்ம் அம்மையார், இறந்த காதலனின் குரலை எதிர்பார்த்து அமர்ந்திருந்தார். அந்த அம்மையாரை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வரவில்லை. துயரத்தில் இருந்த ஒரு பெண். அந்தத் துயரத்துக்குக் கடை திறந்து உட்கார்ந்திருந்தது ஒரு வாணிகம்.

ஓரிரவுதான் தங்கினோம். அதற்கே மூவர் பையும் இளைத்தன. தறித் தோழர் கணக்குப் போட்டு, “ஒரு சேலைக்கு நாம் வாங்கும் கூலியில் பேய்க்கு ஒரு மணி நேரம்கூடத் தங்கமுடியாது” என்றார். இரவு பதினொன்றுக்குப் பனி இறங்கியது. கூடத்தில் நடந்து பார்த்தோம். பன்னிரண்டைத் தாண்டி, மேலே எங்கோ ‘டொக்’ என்று ஓர் ஓசை. சிறிது பொறுத்து இன்னொன்று. ஆசிரியர் போர்வையை இழுத்துக்கொண்டதை நாம் கண்டோம். குளிர்தான் காரணம் என்று அவர் பிறகு சொன்னார், நாமும் மறுக்கவில்லை. பகல் வெயிலில் விரிந்த மரம் இரவுக் குளிரில் சுருங்கும். சுருங்கும்போது மூட்டுக்கள் பேசும். ஓட்டு வீட்டிலே வளர்ந்தவருக்கு இது புதிதன்று. நம் வீட்டு உத்தரம் மார்கழியில் பேசும் பேச்சைத்தான் இமயத்து மரமும் பேசியது. மூன்று மணிக்கு உறங்கிப் போனோம். அம்மையார் வரவில்லை.

ஓரிரவு தங்கிப் பேயைக் காணவில்லை என்பதால் பேய் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அது நமக்கும் தெரியும். பேயைக் கண்டேன் என்பவர் எல்லாரும் பொய்யர் என்று சொல்வதும் பகுத்தறிவு ஆகாது. பலர் எதையோ காண்கிறார்கள், எதையோ உணர்கிறார்கள். எதை என்று ஆராய்வதே நம் வேலை.

இங்கிலாந்தில் கோவன்ட்ரி பகுதியில் விக் டாண்டி என்ற பொறியாளர் ஒருவர், மருத்துவக் கருவி செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே பேய் என்று பேச்சு. ஓர் இரவு தனித்திருந்தபோது உடல் சிலிர்த்தது, கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது, திரும்பினால் இல்லை. மறுநாள், வாட்போட்டிக்கான தம் வாளைச் செப்பனிடப் பிடிப்பானில் பொருத்தினார். தொடுவாரின்றி வாள் தானே அதிர்ந்தது! வேறொருவராயிருந்தால் மந்திரவாதியைத் தேடியிருப்பார். டாண்டி, எங்கே அதிர்வு மிகுதி, எங்கே குறைவு என்று அளந்தார். புதிதாகப் பொருத்திய காற்றுவெளியேற்றும் விசிறி ஒன்று, செகண்டுக்கு ஏறத்தாழ 19 அதிர்வு என்ற கணக்கில், காதுக்குக் கேளாத ஒலியை அந்த அறையில் நிரப்பிக்கொண்டிருந்தது. மனிதச் செவி 20-க்குக் கீழே கேளாது; உடல் உணரும். விசிறியை மாற்றி அமைத்தார்கள், பேய் வெளியேறியது. 1998-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒவ்வொரு பேய்வீட்டுக்கும் இதுவே விடை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அஞ்சியவனே அளவுகோலை எடுத்தான் என்பது எவ்வளவு அழகு!

அதற்கும் முன்னே, 1921-ல், அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். இரவில் காலடி ஓசை, உருவங்கள், நெஞ்சை அழுத்தும் பாரம், பிள்ளைகள் வெளிறிப் போதல். காரணம்: வீட்டைச் சூடாக்கும் உலையின் பழுதால் கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயு. மணமில்லை, நிறமில்லை, மூளையை மயக்கும், மிஞ்சினால் உயிரைக் குடிக்கும். குளிர்மலையூர்களில் மூடிய அறைக்குள்ளே கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர் காலையில் எழாமற்போன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் சென்று தங்கும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. மெய்யாகவே உயிர் குடிக்கும் பேய் அது.

மறுநாட்காலை அந்த முற்றத்தில் நின்றபோது, நம் நெஞ்சிலே எழுந்த உருவம் ஓர்ம் அம்மையாருடையதன்று. 1920 மே மாதம், உடல்நலமில்லாத தாயையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஜவகர்லால் நேரு என்ற இளம் வழக்கறிஞர் இதே சவாயில் தங்கியிருந்தார். முந்திய ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கில அரசோடு உடன்பாடு பேசவந்த ஆப்கானியத் தூதுக்குழுவும் அதே ஓட்டலில் இருந்தது. அவர்களோடு எந்தத் தொடர்பும் கொள்வதில்லை என்று எழுதிக்கொடு என்றது காவல்துறை. அவர்களோடு பேசும் எண்ணமே அவருக்கு இல்லை. ஆயினும் எழுதிக்கொடுக்க மறுத்தார். மசூரியை விட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தது. அலகாபாத்துக்குத் திரும்பினார். அங்கே இருந்ததால்தான், சூன் மாதத்தில் பிரதாப்கட்டிலிருந்து ஐம்பது கல் தொலைவு நடந்துவந்த ஏறத்தாழ 200 உழவர்களைச் சந்தித்தார்; அவர்களோடு சிற்றூர்களுக்குப் போனார்; கந்தல் உடுத்த மக்களை முதன்முதலாக நெருங்கிக் கண்டார். தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார் இதை. பண்டித நேருவோடு நம் இயக்கத்துக்கு இருந்த சண்டைகள் பல. அதற்காக வரலாற்றை மறைப்பானேன்? அந்த முற்றத்திலிருந்து துரத்தப்பட்ட ஒருவர் உழவனின் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது, ஆயிரம் பேய்க்கதையைவிட மேலான கதை. மசூரியில் எத்தனை வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள்? நம்மிடம் ஒருவரும் சொல்லவில்லை. பேயையே சொன்னார்கள்.

1905 ஏப்ரல் 4-ஆம் நாள் காங்கிரா நிலநடுக்கம். இருபதாயிரம் பேருக்குமேல் மாண்டனர். சவாயும் சிதைந்து, பழுதுபார்த்து, 1907-ல்தான் மறுபடி திறக்கப்பட்டது. அந்த இருபதாயிரவரில் ஒருவரும் அங்கே பேயாக வரவில்லை. பியானோவைத் தூக்கி முதுகு ஒடிந்தவனும் வரவில்லை. வந்தது ஒரு சீமாட்டி மட்டும். பேயாவதற்குக்கூட அந்த ஓட்டலிலே அறை எடுத்துத் தங்கத் தகுதி வேண்டும்போலும்!

பேய்க்கதை வரலாற்றை விழுங்கும் என்பதற்கு மும்பை தாஜ் ஓட்டல் இன்னொரு சான்று. 1903-ல் திறக்கப்பட்ட மாளிகை அது. ஆங்கிலக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடம் கொடுத்துவிட்டுச் சீமைக்குப் போனாராம், திரும்பிவந்து பார்த்தால், முன்புறம் பின்புறமாகக் கட்டியிருந்தார்களாம், மனமுடைந்து மாடியிலிருந்து குதித்தாராம், இன்றும் உலவுகிறாராம். உண்மை என்ன? வரைந்தவர் சீதாராம் கண்டேராவ் வைத்யா என்ற இந்தியர். துணை நின்றவர் டி. என். மிர்சா. வைத்யா 1900-ல் காய்ச்சலில் இறந்தார். எஞ்சிய வேலையை முடித்தவரே டபிள்யூ. ஏ. சேம்பர்சு என்ற ஆங்கிலேயர். திசை மாறவுமில்லை, எவரும் குதிக்கவுமில்லை. ‘இந்தியத் தொழிலாளிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது’ என்ற இளக்காரமும், ‘இவ்வளவு பெரிய மாளிகையை வெள்ளையன்தான் வரைந்திருப்பான்’ என்ற அடிமை எண்ணமும் கூடிப் பெற்ற பிள்ளை அந்தப் பேய். வைத்யாவின் பெயர் மறைந்தது. இல்லாத வெள்ளையனின் ஆவி நிலைத்தது.

சரி, நம் சமவெளிக்கு வருவோம். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஒருகாலத்தில் புளியமரங்கள் கைகோத்து நின்றன. மரத்துக்கு ஒரு பேய் என்று கணக்கிட்டால், இரண்டு ஊருக்குமிடையே ஒரு நகராட்சி நடத்தும் அளவுக்குப் பேய்த்தொகை இருந்தது. நான்குவழிச் சாலை வந்தது; மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். நிலம் இழந்தவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு நின்றார்கள். எந்தப் பேயும் மனுக் கொடுத்ததாகச் செய்தியில்லை.

புளியமரத்தடியில் படுத்தவனைப் பேய் அமுக்குகிறது என்பார்கள். இரவிலே மரம் கரியமிலவாயுவை விடுகிறது, அதனால் மூச்சு முட்டுகிறது என்று நம் மேடைகளிலேயே நண்பர்கள் சிலர் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியான விளக்கமன்று. திறந்தவெளியில் மரம் விடும் அந்தச் சிறு அளவு காற்றோடு கலந்து போய்விடும். மூடிய அறைக்குள் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதன் விடும் மூச்சே அதைவிட மிகுதி. மூடநம்பிக்கையை விரட்ட அரைகுறை அறிவியலை அழைப்பது, எலியை விரட்டப் பாம்பை வளர்ப்பது. மெய்யான விடை உறக்கத்தில் இருக்கிறது. கனவு காணும் வேளையில் உடல் தசைகளை மூளை தளர்த்தி வைக்கிறது. கனவில் ஓடுபவன் பாயிலிருந்து எழுந்து ஓடாமலிருக்க அது செய்யும் காவல். சிலபோது காவல் விலகுமுன் விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும்; கை அசையாது; வாய் கூவாது; நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும்; கனவின் மிச்சம் கண்முன் நிற்கும். ஓரிரு நிமிடத்தில் விலகும். நம் மக்கள் அதற்கு ‘அமுக்கான் பேய்’ என்று பெயரிட்டார்கள். பெயர் பொருத்தம், பேய்தான் இல்லை.

இவ்வளவோடு போயிருந்தால் பேயைப் பற்றி நாம் இத்தனை பக்கம் எழுதவேண்டியதில்லை. வாடகையும் புளியமரமும் வேடிக்கை. வேடிக்கை முடியும் இடம் ஒன்று உண்டு.

நமது இளமைக்காலம். இராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். நம் தெருவில், பிள்ளை பெற்று இருபது நாளான ஒரு பெண். நாம் அக்கா என்று அழைத்தவர். உறக்கம் நின்றது. இரவெல்லாம் பேசினார். இந்தப் பிள்ளை என் பிள்ளையன்று என்றார். தெரு கூடியது. கிணற்றடிக்காரி பிடித்துக்கொண்டாள் என்றது. கோடாங்கி வந்தார், உடுக்கை வந்தது, புளிய விளார் வந்தது. பால் கட்டிய மார்போடு, பிள்ளை பெற்ற உடம்போடு, அந்தப் பெண்ணை உட்காரவைத்து, “யார் நீ? பெயரைச் சொல்!” என்று அடித்தார்கள். தம் பெயரைச் சொன்னார், அடித்தார்கள். தாயின் பெயரைச் சொன்னார், அடித்தார்கள். கடைசியில், இரண்டாண்டுக்கு முன் கிணற்றில் பிணமாக மிதந்த பக்கத்துத் தெருப் பெண்ணின் பெயரைச் சொன்னார், அடி நின்றது. எந்தப் பெயரைச் சொன்னால் அடி நிற்கும் என்று அந்தத் தெருவில் எவருக்கும் தெரியும்! உச்சி மயிரைப் பிடுங்கி மரத்தில் வைத்து ஆணி அறைந்தார்கள். பத்து நாள் கழித்து, வெளியூரிலிருந்த தம்பி வந்து, எல்லாரோடும் சண்டையிட்டு, சேலம் பெரிய ஆசுபத்திரிக்கு அழைத்துப் போனார். சில வாரத்தில் அக்கா தெளிந்து வந்தார். தெளிந்ததற்குக் காரணம் ஆணி என்றது தெரு. இன்றும் அப்படித்தான் சொல்கிறது.

அந்த நோய் அரியதன்று. ஆயிரம் மகப்பேற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ, பிள்ளை பிறந்த சில வாரத்துக்குள் வரும் மனநோய் அது. மருத்துவம் உண்டு, பெரும்பாலோர் முற்றும் குணமடைவர். தாமதித்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

கிணற்றில் மிதந்த அந்த இன்னொரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாமியார் வீட்டில் அவர் பட்ட பாடு ஊருக்குத் தெரியும். விழுந்தாரா, தள்ளப்பட்டாரா? கேட்டவர் இல்லை. ஓர்ம் அம்மையார் இறந்தார். உடலை அறுத்தார்கள், நஞ்சைக் கண்டார்கள், ஒருவரைக் கைது செய்தார்கள், உயர்ந்த நீதிமன்றத்தில் விவாதித்தார்கள். விடை கிடைக்காமற் போயிருக்கலாம், கேள்வியாவது கேட்கப்பட்டது. நம் ஊர்ப் பெண்ணுக்குக் கேள்வியே இல்லை. சாவுக்கு விசாரணை நடத்துவதற்குப் பதிலாகச் செத்தவளுக்குப் பேய்ப் பட்டம் கட்டினார்கள். பேயாகிவிட்டபிறகு அவள்தான் குற்றவாளி; அவளை விரட்டுவதுதான் நீதி. கொன்றவர் எவராயினும் அவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா?

இவை பழங்கதை என்பீர்களோ? நாமக்கல் மாவட்டம் பவித்திரத்தை அடுத்த வெள்ளாளப்பட்டியில், அச்சப்பன் கோயில் விழாவில், பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்க, அவர்களைப் பிடித்த தீய ஆவி ஓடவேண்டும் என்று சாட்டையால் அடிக்கும் காட்சியை நம் காலத்துச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் நாட்டுக்குக் காட்டியிருக்கின்றன. ‘வினோதத் திருவிழா’ என்று தலைப்பு! அடிபடுவது பெண்ணின் முதுகு, வினோதம் படிப்பவருக்கு.

சமயம் பார்த்து நிற்பதில்லை இந்தக் கொடுமை. 2001 ஆகத்து 6-ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருளால் மனநோய் தீரும் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. ஓடிப் பிழைக்க முடியவில்லை, சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017-ல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடப்பிலிருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயரை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டலாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் வந்தது, 28 உயிர் கொடுத்து வந்தது.

ஈழத்தில் ஆபிரகாம் கோவூர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். கேரளத்தில் பிறந்தவர், 1978-ல் மறைந்தார். பேய்வீடு என்று எங்கே சொன்னாலும் பெட்டி தூக்கிக்கொண்டு போய்த் தங்குவார். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்துகாட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அறிவித்தார்; கடைசிவரை ஒருவராலும் வெல்லமுடியவில்லை. நம்மைக் கவர்ந்தது அந்தப் பந்தயம் அன்று. பேய் பிடித்தது என்று அழைத்துவரப்பட்ட பெண்ணிடம் அமர்ந்து, உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பாரே, அதுதான். உடுக்கை கேட்காத கேள்வி அது. மராட்டியத்தில் நரேந்திர தபோல்கர், மருத்துவர், பல ஆண்டு மன்றாடியும் மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் நிறைவேறவில்லை. 2013 ஆகத்து 20-ஆம் நாள் புனேயில் காலை நடைக்குச் சென்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் இரத்தம் காயுமுன் அவசரச் சட்டமாக அது வந்தது. கருநாடகமும் 2017-ல் ஒரு சட்டம் இயற்றியது.

ஆனால் நம் தெருவுக்குள் சட்டம் வருமுன் நாம் போகலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ல் நாமக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 14416 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால், எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். கோடாங்கி வருவதற்கு ஆகும் நேரத்தில் இது ஆகிவிடும். தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்று கேள்விப்பட்டதும், ‘பேய் இல்லை’ என்று சொற்பொழிவு தொடங்காதீர்கள் தோழர்களே. அந்த நேரத்தில் அது எவர் காதிலும் ஏறாது. கூட்டத்தில் தம்பியோ தாயோ ஒருவர் கலங்கி நிற்பார். அவரைத் தனியே அழைத்து, வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பேயைப் பற்றிய வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மசூரியிலிருந்து திரும்பும் வழியில் ஆசிரியர் ஒரு திட்டம் போட்டார். நெடுஞ்சாலைக்காரர் விட்டுவைத்த புளியமரம் ஒன்று அவர் ஊரின் எல்லையில் இருக்கிறது. மாலை ஆறுக்குமேல் அவர் பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியே போவதில்லை. வருகிற அமாவாசை இரவு நாம் மூவரும் அங்கே தங்குகிறோம். மருத்துவக் கல்லூரி மாணவர் இருவர் வருவதாக ஒப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் விடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாடகை கிடையாது. கொசுவலை மட்டும் அவரவர் கொண்டுவரவேண்டும்.